மாவட்ட அணிக்குப் போகாதவர்கள்

அண்ணாச்சிக்கு வணக்கம்.

நான் கோவில்பட்டியில் படித்தவன். பள்ளியில் ஹாக்கி ஆடினேன். மாவட்ட அணிக்கு ஒருமுறைகூட என்னை எடுக்கவில்லை. பள்ளி அணியிலேயே பாதி நாள் சப்ஸ்டிட்யூட்தான். இப்போது கோவையில் ஒரு மில்லில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். போன மாதம் எங்கள் பி.டி. சாருக்கு ஊரில் பாராட்டு விழா வைத்தார்கள். மேடை ஏறியவர்கள் எல்லாரும் விளையாட்டால் ரயில்வேயிலும் போலீஸிலும் வேலை வாங்கியவர்கள். "சார் உருவாக்கியவர்கள்" என்று அவர்களைத்தான் சொன்னார்கள். அப்படியானால் என்னோடு அவர் மல்லுக்கட்டிய காலை நேரமெல்லாம் வீண்தானா? பந்தை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தால், "ஏல, பந்தப் பாரு, என்னய ஏன் பாக்க?" என்பார். இன்றைக்கும் புதுப்பையன் எவனாவது மெஷினில் எதையாவது உடைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தால் எனக்கு அதுதான் வாயில் வருகிறது.

மு., கோவை

அன்புள்ள தம்பி,

விழா நடத்தியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். 2022 ஜகார்த்தா ஆசியக் கோப்பையில் கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேலும், அங்கே விடுதியில் தங்கிப் பயின்ற அரியலூர் கார்த்தி செல்வமும் இந்தியாவுக்கு ஆடினார்கள். வெண்கலத்தோடு வந்தார்கள். தீப்பெட்டி ஆபீஸ் சம்பளத்தில் ஓடுகிற வீடுகளில் ஹாக்கி மட்டை என்பது வேலைக்கு ஒரு வழி. அதைக் கொண்டாடத்தான் வேண்டும். 1985 முதல் கொடுத்துவருகிற துரோணாச்சாரியார் விருதும் மாணவர் வாங்கிய பதக்கத்தை வைத்துத்தான் பயிற்றுநரை எடைபோடுகிறது.

ஆனால் களத்தில் நிற்பது பதினொரு பேர். விடியுமுன் கிரவுண்டுக்கு வருகிற கூட்டம் அதைப்போல் பல மடங்கு. அந்த மிச்சப் பேர் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

அவர்களையும் கணக்கில் எடுத்த ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ரொனால்டு ஸ்மித்தும் ஃபிராங்க் ஸ்மோலும் சிறுவர் பேஸ்பால் பயிற்றுநர்களை வைத்துப் பல வருஷம் வேலை பார்த்தவர்கள். ஒரு பகுதிப் பயிற்றுநர்களுக்கு மட்டும் சீசனுக்கு முன்னால் சில மணி நேரம் வகுப்பு எடுத்தார்கள். வகுப்பில் பெரிய வித்தையெல்லாம் இல்லை: முயன்றாலே பாராட்டு, தப்பு செய்தவனைத் திட்டாதே, தைரியம் சொல்லு, எப்படித் திருத்துவது என்று காட்டு. 1992இல் வெளியான முடிவைப் பாருங்கள். வகுப்புக்குப் போகாத பயிற்றுநர்களிடம் ஆடிய பிள்ளைகளில் 26 விழுக்காட்டினர் அடுத்த வருஷம் திரும்ப வரவில்லை. போனவர்களிடம் அது 5 விழுக்காடுதான். இரு தரப்புக்கும் வெற்றி தோல்வியில் வித்தியாசம் இல்லை. தன்னைப் பற்றித் தாழ்வாக நினைத்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குத்தான் பலன் அதிகம் என்றும் பார்த்தார்கள். உங்களைப் போல பெஞ்சில் இருந்தவர்களில் பலரும் அப்படித்தானே நினைத்திருப்பார்கள்.

(பேஸ்பாலுக்கும் கரிசல் காட்டு ஹாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். பிள்ளைகள் பிள்ளைகள்தான்.)

பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் நடக்கப் போகும்போது சிறுவர்கள் ஆடுவதைப் பார்த்திருக்கிறேன். கேட்சை விட்டவன் பந்து எங்கே போனது என்று பார்ப்பதில்லை. முதலில் கோச்சைத்தான் பார்க்கிறான். இத்துனூண்டு நேரம்தான். அங்கே என்ன தெரிகிறதோ அதை வைத்துத்தான் அடுத்த பந்துக்கு ஓடுவதா, நின்றுவிடுவதா என்று முடிவாகிறது. உங்கள் சார் அந்தப் பார்வையையே பந்தின் பக்கம் திருப்பிவிட்டார். சியாட்டில்காரர்கள் வகுப்பு வைத்துச் சொன்னதை உங்களிடம் ஒரு வரியில் சொல்லி முடித்திருக்கிறார்.

எல்லா விசிலும் இப்படி ஊதியதில்லை. தோற்று வந்த பிள்ளைகளை வெயிலில் ரவுண்டு ஓடவிட்டுப் பிரம்போடு நின்றவர்களும் இதே ஊர்களில்தான் இருந்தார்கள். அவர்கள் மாணவர்களிலும் சிலர் கோப்பை வாங்கினார்கள். கோப்பையை மட்டும் வைத்துப் பார்த்தால் இரண்டு பேரும் ஒன்றுதான். உங்கள் மில்லில் அந்தப் புதுப்பையன் மறுநாளும் பயப்படாமல் ஷிஃப்டுக்கு வருகிறானா என்று பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

எனக்கு எழுதியதைவிட அவருக்கு எழுதியிருக்கலாம். இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. கோடையில் கோவில்பட்டியில் லட்சுமி அம்மாள் கோப்பைப் போட்டி நடக்கும்போது ஒரு நாள் லீவு போட்டுவிட்டுப் போங்கள். அவர் கேலரியில்தான் இருப்பார். முடிந்தால் அந்த மில் பையனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.