தையலில்லா ஆண்கள் ஸ்வெட்டர்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

உடம்புக்கு ஒரு பெரிய குழாய், கைகளுக்கு இரண்டு சிறிய குழாய்கள் பின்னுகிறோம். அக்குள் உயரம் வந்ததும் மூன்றையும் ஒரே வட்ட ஊசியில் (இரண்டு முனைகளையும் வளையும் கம்பி இணைக்கும் ஊசி) ஏற்றி, கழுத்துவரை குறைத்துக்கொண்டே போனால் ஸ்வெட்டர் முடிந்துவிடும். பக்கத் தையலும் தோள் தையலும் கிடையாது. இதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

என் கணவருக்கு மார்பளவு 100 செ.மீ. ஊசியில் எத்தனை கண்ணி (நூல் சுழல்) ஏற்ற வேண்டும் அக்கா? பேட்டர்ன் புத்தகங்களில் அவருடைய அளவு கிடைக்கவில்லை.

பேட்டர்ன் தேவையில்லை. அவரை அளப்பதையும் விட்டுவிடுங்கள். அவர் விரும்பி அணிகிற பழைய ஸ்வெட்டர் ஒன்றை மேசையில் பரப்பி, ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள்வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். டேப்பைப் பார்த்ததும் வயிற்றை உள்ளிழுக்காத ஆண்கள் குறைவு. ஸ்வெட்டர் அப்படிச் செய்யாது. அந்த அளவு 110 செ.மீ. என்றும், உங்கள் கைக்கு 10 செ.மீ.க்கு 20 கண்ணிகள் என்றும் வைத்துக்கொள்வோம். 220 கண்ணிகள். இந்த ஒரு எண் கிடைத்தால் மற்ற எல்லாம் அதன் சதவீதமாகவே வந்துவிடும். இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த எலிசபெத் சிம்மர்மன் பரப்பிய கணக்கு இது. பேட்டர்னுக்கு அடிமையாகாமல் பின்னலாம் என்று பல்லாயிரம் பேருக்குத் தைரியம் கொடுத்தவர் அவர்.

அடி ரிப்புக்கு (ஓரத்தில் வரிவரியாக வரும், இழுபடும் பட்டை) 90 சதவீதம், அதாவது 198. இரண்டு நிட் (நேர்க் கண்ணி), இரண்டு பர்ல் (மறுபுறக் கண்ணி) என்று பின்ன நான்கால் வகுபட வேண்டும் என்பதால் 200 ஏற்றுங்கள். ரிப் 7 செ.மீ. ஆனதும் ஒவ்வொரு பத்துக் கண்ணிக்கும் ஒன்று கூட்டினால் சரியாக 220. பிறகு அக்குள்வரை நேராகப் போகலாம்.

மாதிரித் துண்டு பின்னித்தான் ஆக வேண்டுமா?

ஆம், 10 செ.மீ.க்கு உங்கள் கைக்கு எத்தனை கண்ணி என்று எண்ணிப் பார்க்கும் துண்டு அது. இதில் விட்டுக்கொடுக்க முடியாது. 10 செ.மீ.க்கு 20 என்று கணக்குப் போட்டுவிட்டு, கை 21 கண்ணி இறுக்கத்தில் ஓடினால் அதே 220 கண்ணி 105 செ.மீ.க்குள் சுருங்கிவிடும். அந்த 5 செ.மீ. போதும், ஸ்வெட்டர் பீரோவிலேயே கிடக்க.

இன்னொன்று. வட்டமாகப் பின்னும்போது பர்ல் வரிசை வராது. பலருக்கு நிட்டைவிடப் பர்ல் சற்றுத் தளர்வாக விழும். ஆகவே போய்த் திரும்பிப் பின்னிய துண்டு பொய் சொல்லும். வட்ட ஊசியில் 35 கண்ணி ஏற்றி ஒரு வரிசை நிட் பின்னுங்கள். துண்டைத் திருப்பாமல் கண்ணிகளை ஊசியின் மறுமுனைக்குத் தள்ளி, நூலைப் பின்பக்கமாகத் தாராளமாக விட்டு, மறுபடி நிட் பின்னுங்கள். முடித்ததும் துவைத்து உலர்த்தி, நடுவில் 10 செ.மீ. மட்டும் எண்ணுங்கள். ஓரத்துக் கண்ணிகளை நம்ப வேண்டாம்.

முதல் சுற்றை இணைத்த பிறகுதான் எல்லாம் முறுக்கிக்கொண்டது தெரிந்தது. சரிசெய்ய வழி உண்டா?

ஒன்றிரண்டு சுற்றுகளுக்குள் என்றால், சுற்று சேரும் இடத்தில் ஊசிகளுக்கு இடையே ஓடும் நூலில் முறுக்கைத் தள்ளிவிடலாம். ரிப்பின் அடியில் சின்னதாக ஒரு சுழிவு தெரியும், அவ்வளவுதான். அதற்கு மேல் போயிருந்தால் பிரிப்பதைத் தவிர வழியில்லை. இணைக்கும் முன் மேசைமேல் ஊசியை வட்டமாக வைத்து, எல்லாக் கண்ணிகளின் அடி ஓரமும் உள்பக்கம் பார்க்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

கைகளை உடம்போடு சேர்க்கும் இடத்தில் குழம்பிப்போகிறேன். படிப்படியாகச் சொல்வீர்களா?

எல்லோரும் பயப்படும் இடம் இது. நிதானமாகப் போவோம். மணிக்கட்டில் 20 சதவீதம், 44 கண்ணி. அதற்கு இருமுனை ஊசிகளோ, நீண்ட வட்ட ஊசியின் கம்பியை வளைத்து வெளியே இழுத்துப் பின்னும் மேஜிக் லூப் முறையோ வேண்டும். வட்டம் அவ்வளவு சிறியது. 7 செ.மீ. ரிப் முடிந்ததும் ஏழு சுற்றுக்கு ஒருமுறை, சுற்றின் தொடக்கத்தில் ஒன்றும் முடிவில் ஒன்றுமாகக் கூட்டுங்கள். பதினாறு முறை கூட்டினால் 76 கண்ணி, ஏறத்தாழ 35 சதவீதம். மொத்த நீளம் 48 அல்லது 50 செ.மீ. வந்ததும் நிறுத்திவிட்டு இன்னொரு கையையும் அதேபோல முடியுங்கள்.

இனி அக்குள். அதற்கு 8 சதவீதம், 18 கண்ணி என்று வையுங்கள். உடம்பின் இரு பக்கமும் 18, ஒவ்வொரு கையின் அடியிலும் 18 எனத் தனி நூலில் கோத்து ஒதுக்கிவிடுங்கள். உடம்பில் முன்னால் 92, பின்னால் 92, கைகளில் 58, 58 மீதி இருக்கும். முதுகு, ஒரு கை, முன்பக்கம், மறு கை என்ற வரிசையில் ஒரே ஊசியில் பின்னிச் சேர்த்தால் 300. நான்கு சந்திப்புகளிலும் ஒவ்வொரு அடையாள வளையம் மாட்டுங்கள்.

குறைப்பதை ஒரு வளையத்தில் பார்ப்போம். வளையத்துக்கு மூன்று கண்ணி முன்னால் நின்று, இரண்டைச் சேர்த்து ஒன்றாகப் பின்னுங்கள், ஒன்று நேராக, வளையத்தைத் தாண்டி ஒன்று நேராக, அடுத்த இரண்டை இடப்பக்கம் சாயும்படி சேர்த்துப் பின்னுங்கள். நான்கு வளையத்திலும் இப்படிச் செய்தால் ஒரு சுற்றில் 8 கண்ணி குறையும். முதல் ஆறு முறை நான்கு சுற்றுக்கு ஒருதரம், அடுத்த இருபது முறை ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று. மொத்தம் 64 சுற்றில் 300 குறைந்து 92 ஆகும். 10 செ.மீ.க்கு 28 சுற்று என்றால் தோள் பகுதி 23 செ.மீ. உயரம் வரும். கழுத்து ரிப்புக்கு முன் இன்னும் நான்கைக் குறைத்து 88 ஆக்குங்கள். அது 220இல் சரியாக 40 சதவீதம். கழுத்தைத் தளர்வாக முடியுங்கள். தலை நுழைய வேண்டுமே!

அக்குளை மூடிய பிறகும் இரண்டு ஓரத்திலும் ஓட்டை தெரிகிறது.

அது வராத அக்குள் இல்லை. ஒதுக்கிய 18ஐயும் 18ஐயும் கிட்ச்னர் தையலால் (கண்ணியோடு கண்ணியைத் தையல் ஊசியால் கோக்கும் முறை) இணைக்கும்போது, நூல் வாலை 50 செ.மீ.க்குக் குறையாமல் வைத்திருங்கள். இணைத்த பின், மீதி வாலால் உள்பக்கமிருந்து ஓட்டையைச் சுற்றியுள்ள கண்ணிகளைக் கோத்து, சுருக்குப் பையின் வாயை இழுப்பதுபோல் மெல்ல இழுத்து முடிச்சிடுங்கள்.

கழுத்து முன்னால் தொண்டையை அழுத்துகிறது, பின்னால் இறங்குகிறது. ஏன்?

முன்னும் பின்னும் ஒரே உயரம் என்பதால். மனிதக் கழுத்து பின்னால் உயரமாகவும் முன்னால் தாழ்ந்தும் இருக்கிறது. கழுத்து ரிப்புக்குச் சற்று முன், முதுகுப் பக்கம் மட்டும் சில குறுவரிசைகள் (முழுச் சுற்றும் போகாமல் பாதியில் திரும்பும் வரிசைகள்) பின்னி 2 அல்லது 3 செ.மீ. உயர்த்துங்கள். திரும்பும் இடத்தில் பக்கத்துக் கண்ணியை நூலால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பினால் ஓட்டை விழாது. இந்தச் சின்ன வேலையைச் செய்தவர்களின் ஸ்வெட்டரைத் தோளில் பார்த்தாலே தெரியும்.

மாமனாருக்குப் பின்னுகிறேன். கொஞ்சம் தொந்தி. ஸ்வெட்டர் முன்னால் தூக்கிக்கொள்ளுமா?

தூக்கும். அதே குறுவரிசையை வயிற்றுக்கு நேராக, முன்பக்கத்தில் மட்டும், இடைவெளி விட்டு மூன்று நான்கு ஜோடி சேர்த்துவிடுங்கள். வயிற்றுச் சுற்று மார்பைவிட 10 செ.மீ. அதிகம் என்றால், கண்ணியை வயிற்றுக்கு எண்ணித் தொடங்கி, மேலே போகப்போகப் பக்கவாட்டில் குறையுங்கள். அவரிடம் சொல்ல வேண்டிய அவசியமில்லை.

குன்னூரில் கடையில் ‘ஊல்’ என்று கொடுத்தார்கள். கம்பளிதானா என்று எப்படிப் பார்ப்பது?

லேபிளில் அக்ரிலிக் என்று சிறிய எழுத்தில் இருக்கலாம். இல்லையென்றால் சிறு துண்டை இடுக்கியால் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே கொளுத்திப் பாருங்கள். கம்பளி முடி கருகும் வாடையோடு எரிந்து, நெருப்பை எடுத்ததும் தானே அணைந்து, விரலில் பொடியாகும் கரியைத் தரும். அக்ரிலிக் உருகிக் கெட்டியான கறுப்பு மணியாகும். ஆறிய பிறகே தொடுங்கள். அக்ரிலிக்கைத் தள்ள வேண்டியதில்லை, மெஷினில் போட்டுத் துவைக்கலாம். ஆனால் சூடான இஸ்திரிப் பெட்டியை அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள். நூல் தளர்ந்து பழையபடி எழும்பாது.

நடுத்தரத் தடிமன் நூலில் இந்த அளவுக்கு 600 முதல் 700 கிராம் வேண்டும். ஒரே சாய எண்ணில் (ஒரே தடவையில் சாயமிட்ட நூலுக்கான எண்) மொத்தமாக வாங்கிவிடுங்கள்.

மேலிருந்து கீழே பின்னுவது சுலபம் என்கிறார்களே?

வளரும் பையனுக்கு அதுதான் நல்லது. அடியையும் மணிக்கட்டையும் பிரித்து நீட்டிக்கொள்ளலாம். பிரிட்டன் கடற்கரை மீனவர்களின் கான்சி ஸ்வெட்டர்களில் கையைத் தோளிலிருந்து கீழ்நோக்கிப் பின்னினார்கள். தேய்ந்த மணிக்கட்டுப் பகுதியை மட்டும் பிரித்துப் புதிதாகப் பின்ன அது வசதி. பெரியவர்களுக்கு என்றால் நான் கீழிருந்தே தொடங்குவேன். கைகளைத் தனியாக மடியில் வைத்துப் பின்னலாம். மேலிருந்து வந்தால் கையின் ஒவ்வொரு சுற்றுக்கும் முழு ஸ்வெட்டரையும் சேர்த்துத் திருப்ப வேண்டும்.

மகன் மேற்படிப்புக்கு கிளாஸ்கோ போகிறான். இரண்டு வாரத்தில் முடியுமா?

இந்த அளவுக்கு ஏறத்தாழ 55 ஆயிரம் கண்ணிகள். நிமிடத்துக்கு 25 பின்னும் கைக்கு 36 அல்லது 37 மணி நேரம். தினமும் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் முடியும். அரை மணிக்கு ஒருதரம் ஊசியைக் கீழே வைத்து மணிக்கட்டை உதறிக்கொள்ளுங்கள். துவைத்து உலர்த்த இரண்டு நாள் ஒதுக்குங்கள். குளிர்ந்த நீரில் தேய்க்காமல் அலசி, துண்டில் சுருட்டி ஈரத்தை அழுத்தி எடுத்து, தட்டையாகப் பரப்பி உலர்த்த வேண்டும். கொடியில் போட்டால் ஈரத்தின் கனத்தில் கை முழங்கால்வரை இறங்கிவிடும் என்று மகனிடமும் சொல்லி அனுப்புங்கள்.