நீல இன்ஹேலர் மட்டும் போதுமா?

கேள்வி: எங்கள் மகளுக்கு எட்டு வயது. பெரம்பூரில் இருக்கிறோம். மழை தொடங்கியதிலிருந்து ராத்திரி இருமல், விடியற்காலையில் வீசிங். டாக்டர் ஆஸ்துமா என்று இரண்டு இன்ஹேலரும் ஸ்பேசரும் (இன்ஹேலரைச் செருகி மூச்சிழுக்கும் பிளாஸ்டிக் குழல்) கொடுத்தார். பழுப்பு நிறத்தை (பியூடெசோனைடு 100 மைக்ரோகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று) பத்து நாள் கொடுத்தும் மாற்றம் தெரியவில்லை. ஸ்டீராய்டு என்று மாமியாரும் பயப்படவே நிறுத்திவிட்டேன். நீலம் (சால்பியூட்டமால்) அடித்தால் உடனே சரியாகிறது, ஆனால் இப்போது தினமும் இரண்டு மூன்று தடவை கேட்கிறாள். இன்ஹேலர் பழகிவிடுமா? நெபுலைசர் வாங்கிவிடலாமா?

பதில்: அன்புச் சகோதரி, நீங்கள் நிறுத்திவிட்ட பழுப்பு இன்ஹேலர்தான் வைத்தியம். தொடர்ந்து கொடுக்கும் நீலம் வெறும் ஆறுதல். டாக்டரிடம் இந்த வாரமே போய், நிறுத்திய விஷயத்தைச் சொல்லிப் பழுப்பு இன்ஹேலரை மறுபடி தொடங்குங்கள்.

மூச்சுக்குழாய் நெஞ்சுக்குள் இரண்டாகி, பின் கிளை கிளையாக இருபது தடவைக்கு மேல் பிரிந்து கோடிக்கணக்கான காற்றறைகளில் முடிகிறது. ஆஸ்துமாவில் சிக்கல் காற்றறையில் இல்லை, நடுவிலுள்ள சிறு குழாய்களில். அவற்றின் உள்சுவர் புண்ணானதுபோல் வீங்கியிருக்கும், சளி ஊறும். அதற்கு மேல் குளிர்காற்றோ புகையோ பட்டால் குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகும். மூச்சை இழுக்கும்போது நெஞ்சு விரிந்து குழாயையும் விரிக்கும். விடும்போது குழாய் சுருங்கும். அதனால்தான் விடும் மூச்சில் விசில் சத்தம் கேட்கிறது.

நீல மருந்து தசையைத் தளர்த்தும். 5 நிமிடத்தில் வேலை தெரியும், 4 முதல் 6 மணி நேரம் நிற்கும். வீக்கத்தை அது தொடுவதே இல்லை. வீக்கத்தை ஆற்றுவது பழுப்பு. அது மெதுவாகத்தான் பிடிக்கும். ஓரிரு வாரத்தில் இருமல் குறையத் தொடங்கும், முழுப் பலனுக்குச் சில மாதம்கூட ஆகலாம். பத்து நாளில் கைவிட்டது அவசரம். வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் நீலம் தேவைப்பட்டாலே ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இல்லை என்று அர்த்தம். ‘பழகிவிடும்’ என்ற பயம் பழுப்பின் மேல் நியாயமில்லை. நீலத்தை மட்டுமே தினமும் நம்பியிருந்தால்தான் அதன் பலன் குறைந்து, குழாய்கள் இன்னும் எளிதில் இறுகும்.

மாமியாரிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். இழுப்பு முற்றி மருத்துவமனைக்குப் போனால் 25 கிலோ குழந்தைக்கு ஒரு நாளைக்கு 25 மில்லிகிராம் அளவில் ஸ்டீராய்டு மாத்திரை தர நேரும். இன்ஹேலரில் போவது நாளுக்கு 200 மைக்ரோகிராம், அதாவது ஒரு மில்லிகிராமில் ஐந்தில் ஒரு பங்கு. இரண்டும் வேறு வேறு மருந்து, வீரியமும் வேறு. ஆனாலும் இன்ஹேலரில் ரத்தத்தில் கலப்பது மிகச் சொற்பம். நெடுநாள் எடுத்தால் உயரம் ஒரு சென்டிமீட்டர் அளவு குறையலாம், அதை மறைக்க வேண்டியதில்லை. வருஷத்துக்கு நாலு தடவை மாத்திரை விழுங்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

பலன் தெரியாததற்கு அடிக்கும் முறையும் காரணமாக இருக்கலாம். குழந்தை நிமிர்ந்து உட்காரட்டும். இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி ஸ்பேசரில் செருகுங்கள். ஊதுவாயை அவள் பல்லுக்கு நடுவில் வைத்து உதட்டால் இறுக மூடட்டும். ஒரே ஒரு பஃப் (ஒரு அழுத்து). உடனே மெதுவாக ஐந்தாறு மூச்சு, ஸ்பேசருக்குள்ளேயே இழுத்து விடட்டும். இரண்டு பஃப்பைச் சேர்த்து அடித்தால் மருந்து ஸ்பேசர் சுவரில் ஒட்டி வீணாகும். அடுத்தது வேண்டுமென்றால் அரை நிமிடம் கழித்து, மறுபடி குலுக்கி அடியுங்கள். பழுப்பு முடிந்ததும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளையாகப் பூஞ்சை படியும். ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் அலசித் தானாக உலர விடுங்கள். துணியால் துடைத்தால் பிளாஸ்டிக்கில் மின்னேற்றம் உண்டாகி மருந்தை இழுத்துக்கொள்ளும்.

நெபுலைசர் வேண்டாம். சாதாரண இழுப்புக்கு ஸ்பேசரே அதற்கு ஈடு; கரன்ட் போனாலும் கைகொடுக்கும்.

திடீரென்று இழுத்தால் நீலத்தை ஸ்பேசரில் ஒவ்வொன்றாக 4 பஃப் கொடுத்து 20 நிமிடம் பாருங்கள். தணியாவிட்டால் மறுபடி 4 கொடுத்தபடியே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் திணறினாலோ, விலா எலும்புகளுக்கு நடுவே சதை உள்வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ காத்திருக்கவே கூடாது, உடனே 108. விசில் சத்தம் திடீரென்று நின்று குழந்தை துவண்டால் சரியாகிவிட்டது என்று எண்ணாதீர்கள். காற்றே போகவில்லை என்று அர்த்தம்.

வீட்டில் கொசுவர்த்திச் சுருளையும் சாம்பிராணியையும் விட்டுவிட்டுக் கொசுவலை கட்டுங்கள். சென்னைக் காற்றின் ஈரத்தில் தூசிப்பூச்சி மெத்தையில் பெருகும்; படுக்கை விரிப்பை வாரம் ஒரு முறை வெந்நீரில் துவையுங்கள். போகி அன்று விடியற்காலையில் ஜன்னலைச் சாத்தி வையுங்கள்.

200 பஃப் உள்ள பழுப்புக் குப்பி உங்கள் அளவுக்கு 100 நாள் வரும். மருந்து தீர்ந்த பிறகும் வெறும் வாயு பீச்சும் என்பதால் சத்தத்தை நம்ப வேண்டாம். தொடங்கும் தேதியைக் குப்பியிலேயே எழுதிவிடுங்கள். டாக்டரிடம் போகும்போது இரண்டு இன்ஹேலரையும் ஸ்பேசரையும் எடுத்துப்போய், மகளை அவர் எதிரிலேயே ஒரு பஃப் எடுக்கச் சொல்லுங்கள்.