உரம் போட்டும் செடி வெளிறுவது ஏன்?

கேள்வி: அறை மூலையில் ஒரு தொட்டிச்செடி வைத்திருக்கிறேன். தவறாமல் உரம் போட்டும் தண்டு மெலிந்து நீள்கிறது, இலை வெளிறுகிறது. இன்னும் எவ்வளவு உணவு கொடுக்க வேண்டும்? அப்புறம், செடி உணவு தயாரிப்பதை என் மகள் ஒளிச்சேர்க்கை என்கிறாள், நான் படித்தது ஒளித்தொகுப்பு. எது சரி?

பதில்: உரத்தை இப்போதைக்கு நிறுத்துங்கள். அது செடிக்கு உணவே இல்லை. நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் எல்லாம் நமக்கு உப்பும் இரும்புச்சத்தும் மாதிரி, வேண்டும்தான், ஆனால் அதைத் தின்று வயிறு நிறையாது. செடியின் சாப்பாடு சர்க்கரை. வேர் தண்ணீரை மேலே அனுப்புகிறது, இலைத்துளை வழியாகக் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு உள்ளே வருகிறது, பச்சையம் பிடித்த வெளிச்சத்தின் ஆற்றலை வைத்து இலை இரண்டையும் சர்க்கரையாக்கிக்கொள்கிறது. தண்ணீரைப் பிளப்பதில் மிஞ்சும் ஆக்சிஜன்தான் வெளியே வருகிறது.

மண்ணைத் தின்றுதான் செடி வளர்கிறது என்று ஒரு காலத்தில் அறிஞர்களே நம்பினார்கள். 17-ஆம் நூற்றாண்டு விஞ்ஞானி வான் ஹெல்மான்ட் ஒரு வில்லோ மரக்கன்றை 5 ஆண்டுகள் தொட்டியில் வைத்துத் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரத்தின் எடை சுமார் 74 கிலோ கூடியது, மண்ணில் குறைந்ததோ 60 கிராம்கூட இல்லை! அத்தனையும் தண்ணீரிலிருந்து வந்தது என்று அவர் முடிவு கட்டியது பாதிதான் சரி, காற்றை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

உங்கள் செடிக்குப் பசி வெளிச்சத்துக்குத்தான். ஜன்னலை விட்டுத் தள்ளப் போகப் போக வெளிச்சம் மளமளவென்று குறையும், நம் கண் பழகிவிடுவதால் நமக்குத் தெரியாது. தண்டு நீள்வதே வெளிச்சத்தைத் தேடித்தான். ஜன்னலருகே நகர்த்துங்கள், ஆனால் ஒரேயடியாகச் சுள்ளென்ற வெயிலில் வைத்தால் இலை கருகும், சில நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். இலையில் தூசி படிந்திருந்தால் ஈரத்துணியால் துடையுங்கள். நீண்டுபோன தண்டு திரும்பக் குட்டையாகாது, நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கத்தில் கிளைக்கும்.

சொல்லுக்கு வருவோம். இரண்டும் ஒன்றுதான், தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ஒளிச்சேர்க்கை, இலங்கைப் பாடநூல்களில் ஒளித்தொகுப்பு. எனக்கென்னவோ தொகுப்புதான் பிடிக்கும், சேர்க்கை என்றதும் செடி ஒளியைச் சேர்த்து வைக்கிறது என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். ஒளியால் சேர்ப்பது என்று மகளுக்கு விளக்குங்கள், சரி, பரீட்சையில் மட்டும் அவள் புத்தகத்தில் இருப்பதையே எழுதட்டும்.