கால் மடங்கிப் பிறந்த குதிரைக்குட்டி: கட்டுக்கு முன் சீம்பால்

கேள்வி: எங்கள் மார்வாரிக் குதிரை நேற்றிரவு ஆண் குட்டி ஈன்றது. முன்னங்கால்கள் இரண்டும் கணுவில் (குளம்புக்குச் சற்று மேலுள்ள மூட்டில்) மடங்கி, குட்டி குளம்பின் நுனியில் தள்ளாடி நிற்கிறது. வலக்காலில் மடக்கம் கூடுதல். மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டச் சொல்கிறார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். கட்டலாமா? தாய்க்குச் சினைக்காலம் முழுவதும் சோளத்தட்டுதான் போட்டோம், அதனால் வந்ததா? (வாசகர், ஈரோடு மாவட்டம்)

பதில்: தொலைபேசியில் உங்களுக்கு உடனே சொன்னதையே, மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கு விரித்து எழுதுகிறேன்.

காலைப் பார்ப்பதற்கு முன் வயிற்றைப் பார்க்க வேண்டும். நலமான குட்டி ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து நிற்கும்; இரண்டு மணி நேரத்துக்குள் மடி தேடிக் குடித்துவிடும். கால் மடங்கிய குட்டியோ மடிவரை போய்ச் சேர்ந்தாலும் வயிறு நிறையும் வரை நிற்க முடியாமல் சரிந்துவிடும். காம்பில் வாய் வைத்ததைப் பார்த்தவர்கள் குடித்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். குதிரையில் நோய் எதிர்ப்புப் புரதம் கருப்பையில் இருக்கும்போது குட்டிக்குப் போய்ச் சேருவதில்லை. சீம்பால் வழியாகத்தான் கிடைத்தாக வேண்டும். அதைக் குடல் உறிஞ்சும் திறனும் 24 மணி நேரத்துக்குள் ஏறக்குறைய நின்றுவிடும். எனவே மடக்கத்தைவிடச் சீம்பால் கிடைக்காததே இக்குட்டியின் உயிருக்கு உடனடி ஆபத்து.

குட்டியைத் தாங்கிப் பிடித்து மடியில் குடிக்க வையுங்கள். அது முடியாவிட்டால் மடியையும் கையையும் கழுவிவிட்டு, சுத்தமான பாத்திரத்தில் சீம்பாலைக் கறந்து, ஒரு வேளைக்குக் கால் லிட்டர் வீதம், ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, முதல் ஆறு மணி நேரத்துக்குள் ஒரு லிட்டருக்குக் குறையாமல் உள்ளே போகும்படி புட்டியில் கொடுங்கள். குட்டி நெஞ்சுப்பகுதி தரையில் பட நிமிர்ந்து படுத்திருக்க வேண்டும். தலையை அண்ணாத்திப் பிடித்து ஊற்றினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். உறிஞ்சவே தெரியாத குட்டிக்கு மூக்கு வழியே குழாய் செலுத்துவது மருத்துவரின் வேலை. ஒரு நாள் ஆனதும் இரத்தத்தில் எதிர்ப்புப் புரதத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள்: டெசிலிட்டருக்கு 800 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் கவலையில்லை, 400க்குக் கீழே போனால் பிளாஸ்மா (இரத்தத்தின் நீர்ப்பகுதி) ஏற்ற வேண்டியிருக்கும்.

இனி கால். குட்டியைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, ஒரு கையால் முழங்காலுக்குக் கீழுள்ள நீள எலும்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் குளம்பை மெல்ல முன்னே தள்ளிக் கணுவை நிமிர்த்திப் பாருங்கள். நேராகிவிட்டால், அல்லது சற்றுக் குறையாக நிமிர்ந்தால், பெரும்பாலும் சரியாகிவிடும். எவ்வளவு அழுத்தியும் அசையாவிட்டால் மூட்டே இறுகியிருக்கலாம், எக்ஸ்ரே தேவை. முழங்காலின் முன்புறம் சற்று வெளிப்பக்கமாகக் கோழிமுட்டை போல மெத்தென்ற வீக்கம் இருந்தால், காலை முன்னே நீட்டும் தசைநாண் அறுந்திருக்கக்கூடும். அந்தக் குட்டியை நடக்க விடாமல் கட்டுப்போட்டு ஓய்வில் வைக்க வேண்டும்.

இந்த மடக்கம், எலும்பின் நீளத்துக்கு ஈடாகப் பின்புறத் தசையும் தசைநாணும் நீளாததால் வருவது. ஆகவே நரம்புக்கான வைட்டமின் ஊசியால் பயனில்லை. காலில் எடை விழ விழத் தசைநாண் இளகும் என்பதால், லேசான மடக்கத்துக்கு நிற்பதும் நடப்பதுமே முதல் மருந்து. வழுக்காத கெட்டித் தரையில் தாயோடு பத்து நிமிடம், நாளைக்கு இரண்டு மூன்று முறை போதும். தொடை நடுங்கத் தொடங்கியதும் படுக்க விடுங்கள். களைப்பும் வலியும் கூடினால் தசை இன்னும் இழுத்துக்கொள்ளும்.

மூங்கில் பத்தை வேண்டாம். பிறந்த குட்டியின் தோல் மிக மெல்லியது. பத்தையின் விளிம்பு அழுத்திய இடம் ஒரே நாளில் புண்ணாகிவிடும்; புண் தசைநாண் வரை போய்விட்டால் அந்தக் காலை நேராக்குவது பெரும்பாடு. நான்கு அங்குல பிவிசி குழாயை நீளவாக்கில் பிளந்து, விளிம்புகளை அரத்தால் மழுக்கி, காலுக்குப் பஞ்சுச்சுருளைத் தடிப்பாகச் சுற்றிய பிறகு, காலின் பின்புறத்தில் முழங்காலுக்குச் சற்றுக் கீழிருந்து தரை வரை வைத்துக் கட்ட வேண்டும். அழுத்தம் கூடுவது குழாயின் இரு முனைகளில்தான். பஞ்சு அங்கே இரட்டிப்பாக இருக்கட்டும். நான்கு முதல் ஆறு மணி நேரம் கட்டியிருந்தால், அதே அளவு நேரம் அவிழ்த்துவிட்டுத் தோலைத் தடவிப் பாருங்கள்: சூடு, ஈரம், முடி உதிர்வு ஏதேனும் தெரிந்தால் அடுத்த கட்டைத் தள்ளிப்போடுங்கள். முதல் கட்டை மருத்துவர் போட, நீங்கள் பார்த்துக் கற்றுக்கொள்வதே நல்லது.

இந்த மடக்கத்துக்கு மருத்துவர்கள் ஆக்சிடெட்ராசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி ஊசியும் போடுவார்கள். வழக்கமான அளவைவிடப் பல மடங்கு, குட்டிக்கு 2 முதல் 3 கிராம் வரை, சலைனில் கலந்து சிரையில் மெதுவாக ஏற்றுவது வழக்கம். முதல் சில நாட்களில்தான் இதற்குப் பலன் அதிகம். பால் குடிக்காமல் வறண்டிருக்கும் குட்டிக்குப் போட்டால் சிறுநீரகம் கெடும். மருந்துக் கடையில் வாங்கி நீங்களே போடும் ஊசியன்று இது. வலிமருந்தும் அப்படித்தான், குட்டிகளுக்கு இரைப்பைப் புண் எளிதில் வந்துவிடும்.

உங்கள் குட்டி குளம்பு நுனியிலாவது நிற்பதால், சில நாட்களிலேயே முன்னேற்றம் தெரிய வேண்டும். வாரம் கடந்தும் மாறாவிட்டாலோ, கணு முன்னே சரிந்து தோல் தரையில் உரசினாலோ, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுசெல்லுங்கள். வீட்டுக்கே மருத்துவர் வர 1962 என்ற எண்ணை அழைக்கலாம். படுத்தே கிடக்கும் குட்டிக்கு இந்த ஒரு வாரக் கெடு பொருந்தாது. அன்றே காட்ட வேண்டும்.

சோளத்தட்டு பற்றி: பச்சைச் சோளப் பயிரையோ சூடான் புல் என்ற சோள இனப் புல்லையோ மேய்ந்த சினைக்குதிரைகள் மூட்டு இறுகிய குட்டிகளை ஈன்றது உண்டு, நன்கு காய்ந்த தட்டில் அந்த ஆபத்து மிகக் குறைவு. பெரும்பாலான குட்டிகளில் காரணத்தை உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. அடுத்த சினையில் இளம் பச்சைச் சோளத்தைத் தவிர்த்துவிடுங்கள். ஒரு குட்டி இப்படிப் பிறந்ததற்காகத் தாயை விற்க வேண்டியதில்லை. அதே பொலிகுதிரையோடு சேர்ந்து மறுமுறையும் இப்படியே ஈன்றால் அந்த இணையை மாற்றிவிடுங்கள்.