குப்லெட் முந்திக்கொண்ட கிளஸ்டர்: 1.24-க்கு மாறிய பின் எழாத கன்ட்ரோல் பிளேன்

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் சொந்த சர்வர்களில் குப்அட்மின் என்ற நிறுவும் கருவியை வைத்து அமைத்த குபர்நெட்டிஸ் (கன்டெய்னர்களைப் பல சர்வர்களில் ஓட்டி நிர்வகிக்கும் மென்பொருள்) கிளஸ்டர் ஓடுகிறது. கிளஸ்டரை நிர்வகிக்கும் ஒரு கன்ட்ரோல் பிளேன் நோட் (சர்வர்), செயலிகள் ஓடும் நான்கு வொர்க்கர் நோடுகள். பதிப்பு 1.23, கன்டெய்னர்களை ஓட்டும் ரன்டைம் டாக்கர், இயங்குதளம் உபுண்டு. பழைய பேக்கேஜ் களஞ்சியம் மூடப்பட்டுவிட்டதால் புதிய களஞ்சியத்தின் 1.24 முகவரியைச் சேர்த்து, கன்ட்ரோல் பிளேன் நோடில் ஆப்ட் அப்கிரேட் கொடுத்தேன். அன்று ஒன்றும் ஆகவில்லை. இரண்டு நாள் கழித்து அந்த சர்வரை ரீபூட் செய்ததிலிருந்து, குப்சிடிஎல் கட்டளையில் எதைக் கேட்டாலும் 6443 போர்ட்டில் இணைப்பு மறுக்கப்பட்டது என்கிறது. ஓடும் கன்டெய்னர்களைக் காட்டும் டாக்கர் பிஎஸ் பட்டியலும் காலி. ஆனால் எங்கள் செயலிகள் எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. குப்அட்மின் ரீசெட் கொடுத்துவிட்டுப் புதிதாக அமைத்துவிடலாமா?

பதில்: ரீசெட் மட்டும் வேண்டாம். உங்களிடம் இருப்பது ஒரே கன்ட்ரோல் பிளேன் நோட். கிளஸ்டரின் தரவுத்தளமான எட்சிடியும் அதிலேயே இருக்கிறது. ரீசெட் கொடுத்தால் எட்சிடியின் தரவு அடைவும் சேர்ந்து காலியாகும். டிப்ளாய்மென்ட், சீக்ரெட், சர்வீஸ் என்று கிளஸ்டருக்குத் தெரிந்தது அத்தனையும் அதில்தான் இருக்கிறது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அந்தத் தரவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைப் படித்துக் காட்டும் ஏபிஐ சர்வரைக் கிளப்பிவிட ஆள் இல்லை, அவ்வளவுதான்.

செயலிகள் ஏன் ஓடுகின்றன என்பதற்கும் இதுதான் விடை. வொர்க்கர் நோடில் இருக்கும் குப்லெட் (ஒவ்வொரு நோடிலும் கன்டெய்னர்களை எழுப்பிக் கவனிக்கும் நிரல்) தன்னிடம் ஏற்கனவே ஒப்படைக்கப்பட்ட பாட்களை, அதாவது செயலிகளின் கன்டெய்னர் தொகுப்புகளை, தானே பார்த்துக்கொள்ளும். சர்வீஸ்களுக்காகப் போட்ட, நெட்வொர்க் போக்குவரத்தைத் திருப்பிவிடும் ஐபிடேபிள்ஸ் விதிகளும் அப்படியே நிற்கும். புதிதாக எதையும் தொடங்கவோ, ஒரு நோட் போனால் அதன் பாட்களை இன்னொன்றுக்கு மாற்றவோதான் முடியாது. அதனால் இந்த வேலை முடியும்வரை வொர்க்கர் நோட் எதையும் ரீபூட் செய்துவிடாதீர்கள். ஏபிஐ சர்வர் இல்லாத நேரத்தில் ரீபூட் ஆகும் குப்லெட்டுக்கு எந்தெந்தப் பாட்களை எழுப்ப வேண்டும் என்பதே தெரியாது. இப்போது ஓடும் செயலியும் போய்விடும்.

முதல் வேலை, நகல் எடுப்பது. ஈடிசி அடைவுக்குள் இருக்கும் குபர்நெட்டிஸ் அடைவு முழுவதையும், வார்–லிப் கீழே இருக்கும் எட்சிடி அடைவு முழுவதையும், பக்கத்திலேயே குப்லெட் அடைவில் இருக்கும் அமைப்புக் கோப்புகளையும் வேறொரு கணினிக்கு எடுத்துவிடுங்கள். எட்சிடி இப்போது நின்றுபோயிருப்பது இந்த விஷயத்தில் வசதி. யாரும் எழுதாத நேரத்தில் எடுக்கும் அடைவு நகல் முரண் இல்லாமல் இருக்கும்.

சரி, என்னதான் நடந்தது? குப்அட்மின் அமைத்த கிளஸ்டரில் ஏபிஐ சர்வர், எட்சிடி, கன்ட்ரோலர் மேனேஜர், ஷெட்யூலர் நான்குமே கன்டெய்னர்கள். உபுண்டுவில் சேவைகளைத் தொடங்கும் சிஸ்டம்டிக்கு இவற்றைப் பற்றித் தெரியாது. குப்லெட்தான் மேனிஃபெஸ்ட்ஸ் அடைவில் உள்ள நான்கு யாமல் கோப்புகளைப் படித்து அவற்றை எழுப்புகிறது. ஆக, குப்லெட் விழுந்தால் கன்ட்ரோல் பிளேன் எழாது. நீங்கள் ஆப்ட் அப்கிரேட் கொடுத்தபோது குப்லெட் 1.24-க்குப் போய்விட்டது. அந்தப் பதிப்பில்தான் டாக்கரோடு பேசுவதற்கான டாக்கர்ஷிம் நீக்கப்பட்டது. அதோடு நெட்வொர்க்-பிளகின் என்ற ஃப்ளாக்கும் (தொடங்கும்போது கொடுக்கும் விருப்பம்) போய்விட்டது. குப்லெட்டின் ஃப்ளாக்குகளைச் சேமிக்கும் கோப்பில் அந்த வரி இன்னும் இருக்கும். புதிய குப்லெட் அதைப் பார்த்ததுமே, தெரியாத ஃப்ளாக் என்று சொல்லி வெளியேறிவிடும். சிஸ்டம் லாகைக் காட்டும் ஜர்னல்சிடிஎல்லில் குப்லெட்டின் கடைசி வரிகளைப் பாருங்கள், இதே செய்தி திரும்பத் திரும்ப வந்திருக்கும்.

அன்று ஒன்றும் ஆகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகியிருக்கும், கண்ணில் படவில்லை. குப்லெட் இறந்தாலும் டாக்கர் ஏற்கனவே ஓட்டிக்கொண்டிருந்த கன்டெய்னர்கள் நிற்காது. எனவே ஏபிஐ சர்வர் இரண்டு நாளும் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. கெட் நோட்ஸ் கொடுத்திருந்தால் கன்ட்ரோல் பிளேன் நோட் மட்டும் நாட்ரெடி என்று காட்டியிருக்கும். ரீபூட்டில் அந்தப் பழைய கன்டெய்னர்கள் போயின, திரும்ப எழுப்ப குப்லெட் இல்லை.

பின்னால் போவதா, முன்னால் போவதா என்று கேட்டால், முன்னால் போவதுதான் என் யோசனை. புதிய களஞ்சியத்தில் 1.24-க்கு முந்தைய பேக்கேஜ்கள் கிடையாது. கையால் பழைய பைனரியைக் கொண்டுவந்து வைத்தாலும், டாக்கர்ஷிம் பிரச்சினையை இன்னொரு நாளுக்குத் தள்ளிப்போடுவதாகத்தான் ஆகும்.

முன்னால் போக, டாக்கருக்குப் பதிலாக ரன்டைம் ஆகப்போகும் கன்டெய்னர்டியை முதலில் சரிசெய்ய வேண்டும். டாக்கர் நிறுவியபோதே அது வந்திருக்கும், ஆனால் குபர்நெட்டிஸுக்குத் தயாராக இருக்காது. டாக்கர் களஞ்சியத்திலிருந்து வரும் கன்டெய்னர்டி பேக்கேஜின் அமைப்புக் கோப்பில் சிஆர்ஐ பிளகின் முடக்கப்பட்டிருக்கும். குப்லெட் பேசுவது அந்தப் பிளகினோடுதான். பலர் ஃப்ளாக்கைச் சரிசெய்துவிட்டு இந்த இடத்தில் மாட்டிக்கொள்வார்கள். ரன்டைம் சர்வீஸ் தெரியவில்லை என்ற பிழை வந்தால் காரணம் இதுவே. கன்டெய்னர்டியின் டீஃபால்ட் அமைப்பை உருவாக்கி அந்தக் கோப்பில் எழுதுங்கள். அப்புறம் குப்லெட்டின் அமைப்புக் கோப்பைத் திறந்து சிகுரூப் டிரைவர் (கன்டெய்னர்களுக்கு சிபியு, நினைவகம் பங்கிடும் முறை) என்னவென்று பாருங்கள். அங்கே சிஸ்டம்டி என்றிருந்தால் கன்டெய்னர்டியிலும் சிஸ்டம்டி சிகுரூப் என்ற வரியை ட்ரூ ஆக்குங்கள். இரண்டும் பொருந்தாவிட்டால் வரும் தொல்லை கொஞ்சம் ஏமாற்றக்கூடியது. எல்லாம் எழுந்து, சில நிமிடம் நன்றாக ஓடி, பிறகு எட்சிடியும் ஏபிஐ சர்வரும் மாறி மாறி விழும். எட்சிடி தரவு கெட்டுவிட்டதோ என்று அஞ்சி பேக்கப்பைத் தேடிப் போனவர்கள் உண்டு. அதற்கு முன் இந்த ஒரு வரியைப் பார்த்துவிடுங்கள்.

இமேஜ்களும் ஒரு சிக்கல். டாக்கர் வைத்திருக்கும் இமேஜ்கள் கன்டெய்னர்டியின் குபர்நெட்டிஸ் பகுதிக்குத் தெரியாது. எனவே ஏபிஐ சர்வர், எட்சிடி உட்பட எல்லா இமேஜையும் குப்லெட் மறுபடி இணையத்திலிருந்து இறக்கப் பார்க்கும். உங்கள் 1.23 கோப்புகள் சுட்டுவது பழைய கூகுள் இமேஜ் முகவரியை. 2023 ஏப்ரலிலேயே அதில் புதிய இமேஜ்களைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டார்கள். அதை நம்ப வேண்டாம். டாக்கர் சேவ் கொடுத்து இமேஜ்களை டார் கோப்பாக்கி, கன்டெய்னர்டியின் சிடிஆர் கட்டளையில் குபர்நெட்டிஸின் நேம்ஸ்பேஸைக் குறிப்பிட்டு இம்போர்ட் செய்துவிடுங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் அடித்தளமான பாஸ் இமேஜை மறந்துவிடாதீர்கள். அது இல்லாமல் ஒரு பாட் கூட எழாது. இந்தக் காரணத்துக்காகவே டாக்கரை இப்போதைக்கு நீக்காமல் வைத்திருங்கள்.

இனி ஃப்ளாக்குகள் கோப்புக்கு வாருங்கள். நெட்வொர்க்-பிளகின் வரியை எடுத்துவிட்டு, கன்டெய்னர்-ரன்டைம் ரிமோட் என்றும், எண்ட்பாயின்ட்டாக கன்டெய்னர்டியின் சாக்கெட் முகவரியையும் கொடுங்கள். கன்டெய்னர்டி, குப்லெட் என்ற வரிசையில் ரீஸ்டார்ட் செய்யுங்கள். இனிமேல் டாக்கர் பிஎஸ் உதவாது. கன்டெய்னர்டியிடம் கேட்டுச் சொல்லும் கிரைசிடிஎல் பிஎஸ்ஸோடு ஏ ஃப்ளாக் சேர்த்துக் கொடுத்தால் செத்துப்போன கன்டெய்னர்களும் பட்டியலில் வரும்.

முதலில் எட்சிடியைப் பாருங்கள், பிறகு ஏபிஐ சர்வரை. ஏபிஐ சர்வரின் லாகில் 2379 போர்ட்டில் இணைப்பு மறுப்பு என்று வந்தால் குற்றம் எட்சிடியில் இருக்கிறது, ஏபிஐ சர்வரைக் குடைய வேண்டாம். சான்றிதழ் காலாவதி என்று வந்தால் குப்அட்மினின் செர்ட்ஸ் கட்டளையில் புதுப்பித்துவிட்டு நான்கு கன்டெய்னர்களையும் ரீஸ்டார்ட் செய்தால் போதும். அந்தச் சான்றிதழ்களுக்கு ஆயுள் ஒரு வருடம். மேம்படுத்தும்போது தானாகப் புதுப்பிக்கப்படும். நீங்கள் நெடுநாளாக 1.23-லேயே இருப்பதால் தேதியை எப்படியும் பார்த்துவிடுங்கள். இன்னொன்று, இடையில் யாமல் கோப்பைத் திருத்தும் முன் அதே மேனிஃபெஸ்ட்ஸ் அடைவில் பேக் என்று ஒரு நகல் போட்டு வைக்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. குப்லெட் கோப்பின் பின்னொட்டைப் பார்ப்பதில்லை. புள்ளியில் தொடங்கும் பெயர்களைத் தவிர அங்கே கிடக்கும் எல்லாவற்றையும் பாட் என்றே எடுத்துக்கொள்ளும். பழையதும் புதியதுமாக இரண்டு ஏபிஐ சர்வர் வரையறைகள் மோதிக்கொள்ளும். நகலை வேறு அடைவில் வையுங்கள்.

குப்சிடிஎல் பதில் சொல்லத் தொடங்கியதும் வேலை முடிந்துவிடவில்லை. இப்போது குப்லெட் 1.24, ஏபிஐ சர்வர் 1.23. குப்லெட் ஏபிஐ சர்வரைவிடப் புதிதாக இருக்கக் கூடாது என்பது குபர்நெட்டிஸின் விதி, எனவே இந்த நிலையில் விட்டுவைக்காதீர்கள். நோடின் அனொட்டேஷனில் (அதோடு சேர்த்து வைத்திருக்கும் குறிப்பில்) சிஆர்ஐ சாக்கெட் இன்னும் டாக்கர்ஷிம் என்றே இருக்கும், அதைக் கன்டெய்னர்டிக்கு மாற்றுங்கள். எட்சிடிசிடிஎல்லில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துக்கொண்டு, குப்அட்மின் அப்கிரேட் பிளான் பார்த்து, 1.24.17-க்கு அப்ளை கொடுங்கள். அந்த வரிசையின் கடைசிப் பதிப்பு அதுதான்.

அப்ளை கொடுக்கும் முன் ஏபிஐ சர்வரின் யாமலில் அம்சங்களை இயக்கவும் அணைக்கவும் உதவும் ஃபீச்சர் கேட்ஸ் என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். என்எஃப்எஸ் சேமிப்பு வைத்திருக்கும் பழைய கிளஸ்டர்களில் ரிமூவ்செல்ஃப்லிங்க் ஃபால்ஸ் என்று ஒன்று அடிக்கடி இருக்கும். 1.20-இல் சேமிப்பிடம் ஒதுக்கும் பழைய என்எஃப்எஸ் புரொவிஷனர் வேலை செய்யாமல் போனபோது எல்லோரும் போட்ட ஒட்டு அது. 1.24-இல் அந்த அம்சம் நிரந்தரமாகப் பூட்டப்பட்டுவிட்டது. ஃபால்ஸ் என்று சொன்னால் ஏபிஐ சர்வர் எழாது. குப்அட்மின் சில நிமிடம் காத்திருந்து பார்த்துவிட்டுப் பழைய யாமலையே திரும்ப வைத்துவிடும். யாமலில் மட்டும் திருத்தினால் பயனில்லை, அடுத்த அப்ளையில் குப்அட்மின், கிளஸ்டருக்குள் தன் அமைப்பைச் சேமித்திருக்கும் கான்ஃபிக்மேப்பிலிருந்து மறுபடி எழுதிவிடும். அங்கேயும் நீக்குங்கள். புரொவிஷனரையும் புதிய பதிப்புக்கு மாற்றுங்கள்.

எல்லாம் ரெடி என்று காட்டிய பிறகும் நெட்வொர்க் போகக்கூடும். 2023 மார்ச் 14 அன்று ரெடிட் 314 நிமிடம் முடங்கியது, நீங்கள் செய்யும் இதே 1.23-இலிருந்து 1.24 மாற்றத்தில்தான். கன்ட்ரோல் பிளேன் நோடுகளில் மாஸ்டர் என்றிருந்த லேபிள் இந்தப் பதிப்போடு போய்விட்டது. அவர்களுடைய நெட்வொர்க் மென்பொருளான காலிகோவில், நோடுகளுக்கு ரூட்களைப் பரப்பும் ரூட் ரிஃப்ளெக்டர்கள் அந்த லேபிளை வைத்துத்தான் நோடுகளைத் தேர்ந்தெடுத்தன. லேபிள் போனதும் ரூட்களும் போயின. பேக்கப்பிலிருந்து மீட்கப் போனால், மீட்புக் குறிப்புகள் டாக்கர் காலத்தில் எழுதியவை, கிளஸ்டரோ அதற்குள் வேறு ரன்டைமுக்கு மாறியிருந்தது. உங்கள் யாமல்களில், ஹெல்ம் சார்ட்களில், காலிகோ அமைப்பில் மாஸ்டர் என்ற லேபிளைத் தேடுங்கள். எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் கன்ட்ரோல்-பிளேன் என்று மாற்றுங்கள். அதே பெயரில் புதிய டெய்ன்ட் (பாட்களை அந்த நோடில் சேர்க்காமல் தடுக்கும் குறி) ஒன்றும் இந்தப் பதிப்பில் வருகிறது. கன்ட்ரோல் பிளேனில் ஓட வேண்டிய டீமன்செட்டுகளுக்கு (நோடுக்கு ஒன்றாக ஓடும் பாட்கள்) அதைத் தாங்கும் டாலரேஷனையும் சேர்த்துவிடுங்கள்.

வொர்க்கர் நோடுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளுங்கள். டிரெய்ன் செய்து (அதிலுள்ள பாட்களை வேறு நோடுகளுக்கு அனுப்பி), மேலே சொன்ன கன்டெய்னர்டி வேலையை முடித்து, அனொட்டேஷனை மாற்றி, புதிய குப்அட்மினை மட்டும் நிறுவி அப்கிரேட் நோட் கொடுத்து, அதன் பிறகு குப்லெட்டை ஏற்றுங்கள். நான்கு நோடுகளையும் ஒரே மூச்சில் செய்ய அவசரமில்லை, ஏபிஐ சர்வரைவிட குப்லெட் பழையதாக இருப்பது அனுமதிக்கப்பட்டதுதான்.

முடித்ததும் ஐந்து சர்வர்களிலும் குப்லெட், குப்அட்மின், குப்சிடிஎல் மூன்றையும் ஆப்ட் அப்கிரேடில் மாறாதபடி ஆப்ட்-மார்க் ஹோல்டில் வையுங்கள். 1.24-ம் ஆதரவு முடிந்த பதிப்பு என்பதால் இங்கே தங்க முடியாது. ஒவ்வொரு பதிப்பாகத்தான் ஏற வேண்டும், தாண்டிக் குதிக்க வழியில்லை. அடுத்த படியான 1.25-இல் பாட்களுக்கான பாதுகாப்பு விதிகளைத் தரும் பாட் செக்யூரிட்டி பாலிசி முழுவதுமாக நீக்கப்பட்டிருக்கிறது. உங்களிடம் அது இருக்கிறதா என்பதை இந்த வாரமே ஒரு கெட் கொடுத்துப் பார்த்துவிடுங்கள்.