பாய்மரத்துக்குள் சிக்கிய பழைய வயர்
பாய்மரத்தைக் கீழே இறக்கியாகிவிட்டது, ஆனால் உச்சி விளக்கின் பழைய வயர் உள்ளே சிக்கி வரமாட்டேன் என்கிறது என்று எழுதியிருந்தீர்கள். பலம் போட்டு இழுக்காதீர்கள். நடுவில் அறுந்தால் புது வயரை இழுக்க வழியே இல்லாமல் போகும். அநேகமாக ரிவெட்டின் (தகட்டில் அடித்த உலோக ஆணி) உள்பக்க வாலோ துளையின் கூர்விளிம்போதான் பிடித்திருக்கும். முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். அசைந்ததும் வயரின் ஒரு முனையில் மெல்லிய கயிற்றைக் கட்டி, மறுமுனையைப் பிடித்து இழுங்கள்; புது வயரை இழுக்க அந்தக் கயிறு உள்ளே நிற்கும்.

புதுசு வெள்ளீயம் பூசிய பல இழைச் செம்பு வயராக இருக்கட்டும். வெறும் செம்பு உப்புக் காற்றில் உறைக்குள்ளேயே கறுத்துவிடும். பாய் ஏற்றும் கயிறுகள் உள்ளே ஓடினால் வயருக்குத் தனிக் குழாய் வையுங்கள். இல்லையென்றால் வயரில் அரை மீட்டருக்கு ஒருமுறை மூன்று கேபிள் டைகள் (பிளாஸ்டிக் கட்டுப் பட்டைகள்), வாலை நறுக்காமல், மூன்று திசையில் நீட்டிக்கொண்டிருக்கும்படி; வயர் சுவரில் மோதாது. இதைச் செய்யாமல் விட்டு, நங்கூரம் போட்ட இரவெல்லாம் டக் டக் சத்தம் கேட்டுக் கிடந்திருக்கிறேன்.

அப்புறம், பாய்மரத்தின் அடிப்பகுதியைச் சுரண்டிப் பாருங்கள். அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாக உதிர்ந்தால் வயர் வேலையை நிறுத்திவிட்டு முதலில் அதைக் கவனியுங்கள்.