கென்யாவுக்கு இரண்டு வார ஊழியம்: டிக்கெட் போடுவதற்கு முன்

கேள்வி: பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர். பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டு முடிக்கிறேன். ஜூலையில் எங்கள் சபையிலிருந்து எட்டுப் பேர் கென்யாவில் உள்ள நக்குருவுக்கு இரண்டு வார ஊழியத்துக்குப் போகிறோம். மருத்துவ முகாம், பிள்ளைகள் இல்லத்தில் வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி), ஞாயிறு ஆராதனை என்று திட்டம். ஆளுக்கு 1.6 லட்சம் ரூபாய். முகாமில் ஊசி, டிரிப் பொறுப்பு எனக்கு. அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவரும் எங்களோடு வருகிறார். அம்மாவுக்குத்தான் பயம். என்னென்ன தயார் செய்ய வேண்டும்?

பதில்: முதல் வேலையாக, ஊசிப் பொறுப்பு வேண்டாம் என்று போதகரிடம் சொல்லிவிடுங்கள். நீங்கள் இன்னும் மாணவி. தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிவு ஆகவில்லை. நம் ஊர் ஆஸ்பத்திரியில் மேற்பார்வைக்கு ஆள் இல்லாமல் உங்களை டிரிப் போட விடுவார்களா? இங்கே விடாத வேலையை ஏழை நாடு என்பதற்காக அங்கே செய்யக் கூடாது. கென்யாவிலும் நர்சிங் கவுன்சில் இருக்கிறது. பதிவு பெற்ற வெளிநாட்டு நர்ஸுக்கே அங்கே தற்காலிக அனுமதி வேண்டும், டாக்டருக்கும் அப்படித்தான். ஊசி போட்ட இடம் சீழ் பிடித்தால் பார்ப்பதற்கு நீங்கள் அங்கே இருக்கப் போவதில்லை. பழி உங்களை அழைத்த சபையின் தலையில்தான் விழும்.

அப்படியானால் நர்சிங் படிப்பு அங்கே வீணா? இல்லை. சீட்டு எழுதலாம், வரிசையை ஒழுங்குபடுத்தலாம், உள்ளூர் நர்ஸுக்குக் கைக்கு உதவியாக நிற்கலாம். அதைவிட, தர்மபுரிக்காரியாக உங்களுக்கு மட்டும் சட்டென்று புரியும் ஒரு விஷயம் அங்கே இருக்கிறது. நக்குரு, பிளவுப் பள்ளத்தாக்கில் இருக்கும் ஊர். எரிமலைப் பாறை நிலம் என்பதால் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிக அதிகம். பிள்ளைகள் சிரித்தால் பல்லில் பழுப்புக் கறை தெரியும். பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் பார்த்த அதே கறைதான். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். நமக்கு 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. அங்கே நக்குரு கத்தோலிக்க மறைமாவட்டம் மாட்டு எலும்பைச் சுட்டுக் கரியாக்கி, அந்தக் கரியில் தண்ணீரை வடித்து ஃபுளோரைடை நீக்கும் வடிகட்டிகளைச் செய்து கொடுத்திருக்கிறது. அந்த வேலையை நேரில் பார்க்க முடியுமா என்று இப்போதே கேட்டு வையுங்கள். பல் கறை துலக்கினால் போகாது, தண்ணீரை மாற்றினால்தான் அடுத்த பிள்ளைக்கு வராது என்பதை நம் ஊர்ப் படங்களோடு தாய்மாருக்குச் சொல்லுங்கள். எதைச் சொல்வதானாலும் அங்குள்ள சுகாதார ஊழியரிடம் முதலில் காட்டி, அவர் சரி என்ற பிறகு சொல்லுங்கள்.

பிள்ளைகள் இல்லம்தான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. புதிய இல்லங்களைப் பதிவு செய்வதைக் கென்ய அரசு 2017-இலேயே நிறுத்தியது. பிள்ளைகளைக் குடும்பத்தோடு சேர்ப்பதுதான் இப்போது அங்கே கொள்கை. இல்லங்களில் இருக்கும் பலருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். பத்து நாள் மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டுப் பதினோராம் நாள் டாட்டா காட்டுவது, அடுத்த மாதம் இன்னொரு குழு வந்து அதையே செய்வது, இது பிள்ளைக்கு நல்லதல்ல. வி.பி.எஸ்.ஸை இல்லத்தில் வைக்காமல் சபையில் வைக்கச் சொல்லுங்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாரும் தங்கள் வீட்டிலிருந்து வந்து வீட்டுக்கே போவார்கள். பாட்டும் கதையும் அவர்களுடைய ஞாயிறு பள்ளி ஆசிரியர் கையில் இருக்கட்டும், நீங்கள் துணைக்கு நில்லுங்கள். பெற்றோர் சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளையின் படமும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஏறக் கூடாது.

இனி காகிதங்கள். கென்யா போய்ச் சேரும் நாளுக்குப் பிறகு பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்ல வேண்டும். 2024 ஜனவரி முதல் கென்யாவுக்கு விசா கிடையாது. அதற்குப் பதில் ஆன்லைனில் பயண அனுமதி வாங்க வேண்டும். அதில் 'சுற்றுலா' என்று போட்டுவிட்டுப் போய்ப் பிரசங்கம் செய்யாதீர்கள். சம்பளம் இல்லாத ஊழியத்துக்கும் தனி பாஸ் கேட்கப்படலாம். உங்களை அழைக்கும் சபை அங்குள்ள குடியேற்றத் துறையில் விசாரித்து, எழுத்தில் பதில் அனுப்பட்டும்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், பிறகு ஆயுளுக்கும் போதும். அது இல்லாமல் கென்யாவிலிருந்து திரும்பினால் நம் விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரை தனிமையில் வைக்கலாம். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள், பெங்களூருவிலும் அங்கீகாரம் பெற்ற மையங்கள் உண்டு. முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் அறுபது வயதைத் தாண்டியவர்களும் டாக்டரிடம் கேட்காமல் போடக் கூடாது. நக்குரு மேட்டு நிலம், மலேரியா குறைவு. விக்டோரியா ஏரிப் பக்கம் போகும் திட்டம் இருந்தால் நிலைமை வேறு. மலேரியா மாத்திரை பற்றிக் கிளம்பும் முன்பே டாக்டரிடம் பேசுங்கள், அந்த ஏரியில் கால்கூட நனைக்காதீர்கள். நத்தையிலிருந்து வரும் ஒட்டுண்ணி தோல் வழியாகவே உள்ளே போகும்.

ஆசிரியர் விஷயத்தை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். அவருக்குத் துறையின் தடையில்லாச் சான்று வேண்டும். அங்குள்ள சபை தங்குமிடமும் சாப்பாடும் கொடுத்தால் அது வெளிநாட்டு உபசரிப்பு. வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் 6-ஆம் பிரிவுப்படி அரசு ஊழியர் அதற்கு மத்திய அரசின் முன் அனுமதி பெற வேண்டும். கடைசி வாரத்தில் ஓடினால் கிடைக்காது.

1.6 லட்சத்துக்குக் கணக்குக் கேளுங்கள். காணிக்கை கொடுத்தவர்களுக்கு அது தெரிய வேண்டும். டிக்கெட் போக அங்குள்ள சபைக்கு எவ்வளவு, ஆஸ்பத்திரிச் செலவுக்கும் நோயாளியை விமானத்தில் திருப்பி அனுப்புவதற்கும் சேர்த்துக் காப்பீடு உண்டா என்று பாருங்கள். 1895-இல் கிருஷ்ணகிரிக்கு வந்த லுத்தரன் மிஷனரி தியோடர் நேதர் 1904-இல் பிளேக்கில் இங்கேயே இறந்தார். அப்படி வாழ்நாளைக் கொடுத்தவர்கள் செய்ததை இரண்டு வாரத்தில் செய்துவிட்டதாகத் திரும்பி வந்து சாட்சி சொல்ல வேண்டாம்.

நக்குரு ஏற்காட்டைவிட உயரம், ஜூலையில் ராத்திரி குளிரும். ஸ்வெட்டர் எடுங்கள். துணியை பிளாஸ்டிக் கவரில் சுற்றாதீர்கள், 2017 முதல் அங்கே பிளாஸ்டிக் பைக்குத் தடை. சாப்பாட்டுக்குப் பயமில்லை. அவர்களுடைய உகாலி நம் களி மாதிரிதான், மக்காச்சோள மாவில் கிண்டுவார்கள். கேழ்வரகுக் கூழும் குடிக்கிறார்கள். கேழ்வரகுக்குப் பூர்வீகமே கிழக்கு ஆப்பிரிக்கா.

அம்மாவிடம் அங்குள்ள போதகர் எண், தங்குமிட முகவரி, காப்பீட்டு எண், பாஸ்போர்ட் நகல் நான்கையும் ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். அங்கே நேரம் நமக்கு இரண்டரை மணி பின்னால். தினமும் ராத்திரி பேசுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு ஒருநாள் நெட் கிடைக்காமல் போனால் அம்மா தூங்க மாட்டார். நாள் விட்டு நாள், காலையில் என்று சொல்லி வையுங்கள்.